எல்லாப் படத்திலும் ஒரே தளபதி

படம் திருத்தப் பழக வந்திருக்கிற நீங்கள் எல்லாரும் இப்போது விரல் நுனியால் ஒரு மனிதரின் பத்து வயதைக் குறைத்துவிடுகிறீர்கள். குறையுங்கள், நான் குறுக்கே நிற்க வரவில்லை. என் படம் உங்கள் கையில் கிடைத்தால் தாடைக்குக் கீழே கொஞ்சம் எடுத்துவிடுங்கள் என்று நானே கேட்பேன். ஆனால் எடுக்கும் முன், இது யாருடைய முகம், எதற்காகப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். அதைக் கேட்காததால் எங்கள் அச்சகத்தில் ஒரு மனிதரால் தன் மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட முடியாமல் போகவிருந்தது.

இயந்திரங்களைப் பற்றிச் சொல்லி உங்களை அறுக்கமாட்டேன். நான் வேலை பழகிய இயந்திரம் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. நான் இருக்கிறேன், அது போதும்.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற இடத்தில் ஒரு நடுத்தர அச்சகம். அதில் படப் பகுதிக்கு நான் பொறுப்பு. தொழில் கொழும்பில் பழகியது. சண்டை எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்து அதே நகரின் மேற்கே கிளென் ஈடனில் இறக்கியது. கிளென் ஈடனிலிருந்து விரிக்குக் காலையில் கார் ஓட்டிப் போய்ச் சேருவதற்குள்ளேயே பாதி நாள் வேலை செய்த களைப்பு வந்துவிடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அச்சு ஓட்டுகிற வெள்ளைக்காரப் பொடியன்களுக்கெல்லாம் ‘ஐயோ’ சொல்லப் பழக்கிவிட்டுத்தான் ஓய்வு பெற்றேன்.

அங்கே முருகேசன் வந்து சேர்ந்தார். சிவகாசிக்காரர். நாட்காட்டிக்குச் சாமி படம் திருத்துகிற வேலையைத் தூரிகையில் தொடங்கி, கணினி வந்ததும் அதையும் பிடித்துக்கொண்டவர். தமிழ்நாட்டில் பாதி வீட்டுச் சுவரில் தன் கை பட்ட லட்சுமிதான் தொங்குகிறாள் என்பார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார், ஆனாலும் கை அப்படிப்பட்ட கை. வீடு விற்கிற ஏஜென்ட் பெண் ஒருத்தியின் படம் வந்தபோது மூக்கோரத்து மருவையும் கண்ணுக்குக் கீழிருந்த கருமையையும் எடுத்துக் கொடுத்தார். அவள் நேரில் கேக் கொண்டுவந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தெற்கு ஆக்லாந்தில் வீடு விற்கிற அத்தனை பேரும் எங்களிடம் வந்தார்கள்.

அவர் தற்காலிக வேலை அனுமதியில் வந்தவர். முதலாளி ‘நிரந்தர வேலை’ என்று கையெழுத்துப் போட்டால்தான் வதிவிட விசாவுக்குப் போகலாம். விசா வந்தால்தான் சிவகாசியில் இருக்கிற மனைவி செல்வியும் மகளும் வரலாம். முதலாளி கெட்டவர் இல்லை. போடுகிறேன் போடுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பாய்மரப் படகு விஷயம் நடந்தது. ஒரு படகுக் கழகத்தின் நாட்காட்டியில் எல்லாப் பாய்களிலும் இருந்த எண்களை முருகேசன் அழகாக அழித்துவிட்டார். “இவ்வளவு வெள்ளையான துணியில நம்பரு எழுதி அசிங்கம் பண்ணி வச்சிருக்காங்களேக்கா” என்பது அவருடைய வருத்தம். படகுக்காரனுக்கு அந்த எண்தான் படகின் பெயர். அவ்வளவையும் திரும்ப அச்சடித்துக் கொடுத்தோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் கையெழுத்தும் இல்லை, வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். அதை முருகேசனுக்குத் தமிழில் சொன்னவளும் நான்தான். அன்று மத்தியானம் அவர் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டொரத்தி வந்தார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை, இங்கிலாந்தின் வடக்கில் பிறந்து ஆக்லாந்தில் குடியேறியவர். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், பாராளுமன்றப் படையை நடத்திய ஒரு தளபதியின் படங்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். பெயரைச் சொன்னால் நீங்கள் உடனே செல்பேசியில் தேடப் போய்விடுவீர்கள், அதனால் தளபதி என்றே வைத்துக்கொள்வோம். அரசனோடு போரிட்டு வென்றவர், ஆனால் அரசனின் தலையை எடுக்கிற விசாரணையில் உட்காராமல் ஒதுங்கிக்கொண்டவர். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அவரைப் பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது. ஓவியம், செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த படம், பதக்கம், மதுக்கடைப் பலகை, சிகரெட் பெட்டிக்குள் வைக்கிற அட்டை என்று எதையும் விடாமல் டொரத்தி படமெடுத்துச் சேர்த்திருந்தார். அவற்றை எல்லாம் ஒரு புத்தகமாக்க வேண்டும், அதை எடுத்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதல்முறை விலை கேட்க வந்தபோது என் மேசையில் சில படங்களைப் பரப்பினார். “பாருங்கள், ஒரு முகம் போல இன்னொன்று இல்லை. ஒவ்வொருவரும் தங்களுக்கு வேண்டிய தளபதியை வரைந்திருக்கிறார்கள். என் புத்தகமே இதுதான்” என்றார். ஒரு கையகலச் சிறு ஓவியத்தைக் காட்டினார். அதில் இடக்கன்னத்தில் போரில் பட்ட தழும்பு தெரிந்தது. பெரும்பாலான ஓவியர்கள் மரியாதைக்காக விட்டுவிட்டார்களாம். அதைக் காட்டும்போது தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைக் காட்டுவது போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

டொரத்தி எல்லாப் படங்களையும் கொண்டுவந்து கொடுத்த வாரம் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். விற்பனைப் பகுதிப் பையன் அவற்றை முருகேசனின் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். புத்தகம் எதைப் பற்றியது என்று முருகேசனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். மாதிரி அச்சுத் தாள்களை முருகேசன் சுவர் நீளத்துக்கு ஒட்டிவைத்திருந்தார். மார்னிங் டீக்கு முன் டொரத்தி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. முருகேசன் குளித்துத் திருநீறு பூசி, பரிசு வாங்கப் போகிற முகத்தோடு நின்றார்.

“வாங்கக்கா. உடம்பு தேவலையா? இந்த ஆளுக்கு எத்தன மூஞ்சி போட்டு வச்சிருந்தாங்க தெரியுமா? ஒண்ணுல மூக்கு நீளம், ஒண்ணுல சப்பை. ஒண்ணுல கன்னத்துல வெட்டு, இன்னொண்ணுல காணோம். நெறம் வேற கருகருன்னு. விடுவனா? எல்லாத்தையும் ஒரே ஆளாக் கொண்டாந்துட்டேன்.”

சுவரைப் பார்த்தேன். குதிரையில் இருந்தவரும் கவசம் போட்டு நின்றவரும் சிகரெட் அட்டையில் இருந்தவரும் ஒரே மனிதர். சிவந்த நிறம், பெரிய கண், எடுப்பான மூக்கு, மழமழவென்ற கன்னம். தழும்பு ஒரு படத்திலும் இல்லை. ஒட்டுப் போட்ட இடமே தெரியாத வேலை. படம் திருத்துகிற டச்சிங் வேலையில் நான் பார்த்ததிலேயே அதுதான் உச்சம் என்று இன்றும் சொல்லுவேன். எனக்குக் காய்ச்சல் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

“ஆர் உங்களை இப்பிடிச் செய்யச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. இதெல்லாம் சொல்லியா செய்வாங்க? ஜனவரில ஒரு முருகன், பிப்ரவரில வேற முருகன்னு இருந்தா ஜனங்க காலண்டர வாங்குவாங்களா?”

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், நல்ல வார்த்தைகளில் சொல்லவில்லை. அந்த முகங்கள் வேறுவேறாக இருப்பதுதான் புத்தகம் என்றதும் அவர் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அவ்வளவுதானாக்கா?” என்றார். “செல்விக்கு என்ன சொல்லுவேன்?”

எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து எடுத்துச் செய்யப் பாதி வாரம் ஆகும். அச்சு ஓட்டுகிறவர்கள் இந்த வேலைக்காக மற்றதைத் தள்ளி வைத்திருந்தார்கள். முதலாளிக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யமுடியாது.

“ஸ்கேனர் கோளாறுன்னு சொல்லிருங்கக்கா. போன மாசங்கூட மக்கர் பண்ணுச்சுல்ல” என்றார்.

பொய் சொல்லக்கூடாது என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வரவில்லை. எங்கள் தொழிலில் எது பிழையாகிப் போனாலும் எல்லாருடைய விரலும் முதலில் இயந்திரத்தைத்தான் காட்டும். அது திருப்பிப் பேசாது. நானும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஸ்கேனர் நிறத்தைக் கெடுக்கும், மூக்கை நிமிர்த்துமா? டொரத்தி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சாக்குகளைக் கேட்டே வயது போனவர். ஒரு கேள்வியில் அகப்பட்டுவிடுவோம், அதற்குப் பிறகு முருகேசனுக்காக நான் வாய் திறக்கவே முடியாது. முதலாளியிடம் முதலில் போகலாமா என்றும் நினைத்தேன். போனால் அவர் கண்ணுக்குப் படகுப் பாய்தான் தெரியும். அந்த முகங்கள் டொரத்தியின் சொத்து. அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வரட்டும் என்று முடிவு செய்தேன்.

“எழும்புங்கோ. முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ. அந்த மனுசியிட்ட நீங்களும் என்னோட வாறீங்கள்.”

“நானா? எனக்குத்தான் இங்கிலீஷ் வராதேக்கா.”

“கதைக்கிறது நான். நீங்கள் ஒளியாமல் பக்கத்தில நில்லுங்கோ, அது காணும்.”

டொரத்தி வந்தார். அவர் கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். உங்கள் படங்களில் எங்கள் ஆள் கைவைத்துவிட்டார், எல்லா முகத்தையும் ஒன்றாக்கிவிட்டார், அசல்கள் பத்திரமாக இருக்கின்றன, திரும்பச் செய்து தருவோம், செய்தவர் இவர்தான். இவ்வளவும் ஒரே மூச்சில். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் சுவரோரமாக ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு நடந்தார். சிறு ஓவியத்தின் முன் நின்றார். கழுத்து சிவந்துவிட்டது.

“இந்தத் தழும்புக்காக எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறேன் தெரியுமா? ஒரு சீமாட்டி என்னை மழையில் நிற்க வைத்தாள். அதைப் போய் அழித்திருக்கிறீர்கள்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். டொரத்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்தப் படத்தை வைத்து மற்றவற்றை மாற்றினார் என்று கேட்டார். நான் தமிழில் கேட்கும் முன்பே முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. அசல்களைப் பரப்பியிருந்த, அடியில் விளக்கெரிகிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் விரலால் காட்டினார். “ஐ, திஸ். நோஸ், திஸ். மவுத், திஸ்.” ஒவ்வொன்றையும் வேறுவேறு படத்திலிருந்து எடுத்திருந்தார்.

“நிறம்?” என்றார் டொரத்தி.

“எங்க ஊர்ல தளபதின்னா செவப்பாத்தான் இருக்கணும்னு சொல்லுங்கக்கா” என்றார் முருகேசன். சொன்னேன்.

“அவருடைய நிறத்தை வைத்துத்தான் அந்தக் காலத்தில் அவருக்குப் பட்டப்பெயரே. கறுப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள்” என்றார் டொரத்தி.

அதைத் தமிழில் சொன்னதும் முருகேசன் நிமிர்ந்தார். “வெள்ளக்காரங்கள்லயுமா? எங்க தெருவுல எனக்கும் அதாங்க்கா பேரு.” தன் முன்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “தெரிஞ்சிருந்தா அந்த மனுசன விட்டிருப்பனே.”

நான் மொழிபெயர்த்தேன். டொரத்தி முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு சுவரைக் காட்டி என்னிடம் சொன்னார்: “அரசன் பக்கத்து ஆள் இவருக்குச் சின்னக் கண் வைத்தான். சொந்தப் பக்கத்து ஆள் மகான் மாதிரி நெற்றி வைத்தான். நூறு வருஷம் கழித்து வந்தவன் வரவேற்பறைக்கு ஏற்ற அழகனாக்கினான். உங்கள் ஆளும் அதையேதான் செய்திருக்கிறார். ஒரு வித்தியாசம், இவர் மட்டும்தான் என்னிடம் வந்து சொன்னார்.”

அந்த நேரம் முதலாளி உள்ளே வந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு நல்ல முகத்தோடுதான் வந்தார். நான் நடந்ததைச் சொன்னதும் முருகேசனைப் பார்த்தார். அவர் கண்ணில் படகுப் பாய் ஏறியதை நான் கண்டேன்.

“வேறு ஆளை வைத்துத் திரும்பச் செய்து தருகிறோம். இவர் இனி உங்கள் படங்களைத் தொடமாட்டார்” என்றார்.

“அவர்தான் தொடவேண்டும்” என்றார் டொரத்தி. “இந்த முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்தவர்கள் இந்த ஊரிலேயே நானும் அவரும்தான். அவர் செய்தால் இங்கே செய்யுங்கள். இல்லையென்றால் அசல்களைக் கட்டிக் கொடுங்கள்.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் சரி என்றார், ஆனால் முருகேசனின் தோளைத் தட்டாமலே போனார். கையெழுத்து விஷயம் அன்றைக்குத் தீரவில்லை.

அந்த வாரம் முழுக்க டொரத்தி ரொட்டியும் ஜாமும் கட்டிக்கொண்டு வந்து முருகேசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முருகேசன் ஒரு புள்ளியைக்கூடக் கேட்காமல் தொடவில்லை. “மேடம், திஸ் டாட், கோ? ஸ்டே?” என்பார். தூசி என்றால் டொரத்தி கையை வீசுவார், தழும்பு என்றால் கையை உயர்த்துவார். இருவரும் பேசிக்கொண்ட மொழி எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மொழிபெயர்க்கப் போனால் இடைஞ்சலாகத்தான் இருந்தது.

புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் டொரத்தி ஒரு படத்தைச் சேர்த்திருந்தார். முருகேசனின் தளபதி, சிவப்பு நிறமும் பெரிய கண்ணுமாக. கீழே முருகேசனின் பெயரும் ஆக்லாந்து என்ற ஊர்ப் பெயரும். இந்த மனிதரைத் தன் மனம்போலத் திருத்தியவர்களில் இதுவரை கடைசி ஆள் என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைத் திறந்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு டொரத்தி விடைபெற்றுப் போனார். முதலாளி அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு, அடுத்த முறை இப்படி எதுவும் நடந்தால் வாடிக்கையாளருக்கு முன் தன்னிடம் வரவேண்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிழை நடக்கும். உங்களில் சிலர் இன்றைக்கே ஏதாவது ஒன்று செய்து வைத்திருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. உரியவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். செய்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை செய்தவரின் முகத்தைப் பார்த்துக் கோபப்படுவது, காகிதத்தைப் பார்த்துக் கோபப்படுவதைவிடக் கஷ்டம். எல்லா நேரமும் பலிக்காது. எனக்குப் பலிக்காமலும் போயிருக்கிறது. ஆனாலும் பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன நாட்களைவிட அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

விசா வந்து செல்வியும் மகளும் வருகிற அன்று நான்தான் முருகேசனை மங்கரே விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் செல்வி தெரிந்தாள். முன்னால் ஓடி வந்த மகள் முருகேசனை ஏறிட்டுப் பார்த்தாள், அவரைக் கடந்து போய்விட்டாள். போய், வரிசையில் நின்ற மற்ற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினாள்.

“ஏட்டி, இந்தா நிக்காரு அப்பா” என்றாள் செல்வி.

பிள்ளை திரும்பி வந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “இது அப்பா இல்ல. போட்டோல அப்பா செவப்பா இருந்தாங்க. முடியெல்லாம் கருப்பா இருந்துச்சு.”

மாதா மாதம் வீட்டுக்கு அனுப்பிய படங்களில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. நரையை எடுத்திருந்தார், ஒட்டிய கன்னத்தை நிரப்பியிருந்தார், குளிர்காலத்து முகத்துக்கு நிறம் ஏற்றியிருந்தார். தான் அங்கே நன்றாக இருப்பதாக அவர்கள் நினைக்கவேண்டும் என்று செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

முருகேசன் அந்த ஆட்களுக்கு நடுவே தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பிள்ளையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்.

“அது அப்பா வேலை செஞ்ச படம்த்தா. அசல் இதான்.”

பிள்ளை கிட்ட வந்து பார்த்தாள். நரையைத் தொட்டாள், கன்னத்தைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதுகில் மாட்டியிருந்த பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.